ஒக்சிசன் போத்தலுக்கு வைத்த பொட்டு

இதை எழுதப் பல வருடம் எனக்கு மனம் வரவில்லை. பக்தியில் செய்த பிழையை எழுதினால் எங்கள் ஊர்க் கோயில் மாமாங்கேஸ்வரருக்கே குறையாகிவிடுமோ என்று பயந்தேன். பிழை என்னுடையது, அவருடையதல்ல. அது விளங்கியதால் எழுதுகிறேன்.

யுத்த காலம். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்த இராணுவ வேர்க்ஷொப்பில் நான் வெல்டர். கூட வேலை செய்தவர் ஏறாவூர் உதுமான் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம். அவருக்கு இடது புருவம் பாதிதான்.

"மிச்சத்த எலி திண்டதா காக்கா?" என்று கேட்பேன்.

"உன்ட வாயத் திங்காம விட்டிச்சே, அதச் சொல்லு!" என்பார்.

அன்று ஆயுத பூசை. விடியவே குளித்து, சுத்தியல், பட்டடை, வெல்டிங் டோர்ச் எல்லாவற்றுக்கும் திருநீறு பூசினேன். ஆளுயர இரும்பு ஒக்சிசன் போத்தலின் வால்வில், தேங்காயெண்ணெயில் குழைத்த குங்குமத்தால் பெரிய பொட்டு வைத்தேன். அமுக்கத்தைக் குறைத்து விடும் ரெகுலேற்றரின் நட் இறுகிக் கிடந்தது. கையோடு அதற்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்.

பின்னேரம் வேர்க்ஷொப்புக்குப் பொறுப்பான இராணுவச் சார்ஜன் ஓடிவந்தார். லொறிகளை வாவி கடத்தும் மிதவையின் இரும்புத் தொட்டி மூட்டில் பிளந்துவிட்டது. அக்கரையில் ஒரு லொறி நிறையக் கடும் காய்ச்சலோடு பட்டாளத்துக்காரர். பொழுதுபடுமுன் ஒட்டவேண்டும். எனக்கு நெஞ்சு குதித்தது. பூசை நாளிலேயே உயிர் காக்கும் வேலை! "முருகா" என்று வால்வில் கை வைத்தேன்.

"தொறக்காதடா!"

காக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"சாமிக்கு வெச்ச பொட்டு காக்கா. புடிக்காட்டி அங்கால போங்க!"

"பொட்டுல எனக்கென்னடா கோவம்? எண்ணெய் மணக்குதே! ஒக்சிசன் அமுக்கத்தோட வந்து எண்ணெயில பட்டா நெருப்பே வேணாம், தானா வெடிக்கும். என்ட புருவத்த எலியா திண்டிச்சி? வெள்ளிக்கிழம அத்தர் எண்ணெய் பூசின கையோட ரெகுலேற்றரப் பூட்டினன்டா, வெடிச்சிட்டு!"

நான் போத்தலை விட்டுப் பின்னால் விலகினேன். சார்ஜன் "குயிக், குயிக்!" என்று நிலத்தை உதைத்தார். அந்தப் போத்தலை ஒதுக்கிவிட்டு, காக்கா ஸ்டோருக்கு ஓடி வேறு போத்தலும் ரெகுலேற்றரும் கொண்டுவந்தார். நான் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

நீலச் சுவாலை எழுந்தது. காக்கா தகட்டைப் பிடிக்க, நான் மூட்டை ஒட்டி முடித்தேன். மிதவையைத் தண்ணீரில் இறக்கினோம். ஒரு சொட்டுக் கசியவில்லை! காய்ச்சல்காரரின் லொறி இக்கரை ஏறியபோது வெயில் இன்னும் இருந்தது. நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

அடுத்த ஆயுத பூசைக்குக் காக்கா ஒரு செவ்வரத்தம்பூவோடு வந்தார்.

"இந்தா, போத்தலுக்கு இத வை. எண்ணெய் இல்ல, மணந்து பார்த்திட்டன்."

இதை வாசிக்கும் வெல்டர்மார் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது என்னைக் கெட்டிக்காரன் ஆக்கிவிடாதீர்கள். எண்ணெய் விட்டது நான், கையைப் பிடித்தது காக்கா. அதை மாற்றாமல் சொல்லுங்கள்.