கார் நின்றதற்கு யார் காரணம்

"அம்மணி எத்தனாவது கியர்ல ஓட்டறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, மொதலாளி."

பட்டறை மெக்கானிக் இப்படி என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அம்மணி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், கார்ச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். காது நன்றாகக் கேட்கும், வாயும் பேசும். கேள்வி மட்டும் என்னைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனது. அவரும் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏதோ வேற்றுமொழியில் கேட்டதை மொழிபெயர்ப்பது போல, "எத்தனாவது கியர்ல போற புள்ள?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாவியை அந்த ஆயில் தரையிலேயே வீசிவிட்டு வந்திருப்பேன். ஆனால் அந்தச் சாவி எனக்கு வேண்டும். அதற்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாலாவதுலதானுங்க" என்றேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருப்பூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி இருந்தது. புதுக் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். அதனால் என் வீட்டுக்காரர் ஒரு தரகரைப் பிடித்து, கோயமுத்தூர்ப் பெரிய வீடு ஒன்றிலிருந்து பழைய கார் ஒன்றை வாங்கினார். "ஒரே கை ஓட்டுன வண்டிங்க, கண்ண மூடிட்டு வாங்கலாமுங்க" என்றார் தரகர். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார் போலிருக்கிறது. பின்கதவு ஒன்று வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும்.

வாங்கும்போது யோசனை சொல்ல வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. ஒருவர் டயரை உதைத்துப் பார்த்தார். ஒருவர் பானட்டைத் தட்டி, புதுப் பெயின்ட்டா பழைய பெயின்ட்டா என்று காதை வைத்துக் கேட்டார். இன்னொருவர் புகைக்குழாய்க்குள் விரலை விட்டு மோந்து பார்த்து, பெரிய வைத்தியர் மாதிரி தலையை ஆட்டினார். பெட்ரோல் டாங்கி மூடியை யாரும் பார்க்கவில்லை. மூடிதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

அந்த மூடியை என் வீட்டுக்காரர் முதல் மாதமே தொலைத்தார். பெட்ரோல் போடும்போது கழற்றிக் காரின் கூரை மேல் வைத்துவிட்டு, அப்படியே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேறு மூடி வாங்கினாரா என்றால், இல்லை. கம்பெனியில் கிடந்த வெட்டுத் துண்டு ஒன்றைச் சுருட்டி டாங்கியின் வாயில் திணித்தார். நானும் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் எதைத்தான் பனியன் துணியால் அடைக்கவில்லை? ஒழுகும் குழாய்க்கு அது, ஆடும் ஜன்னலுக்கு அது, எண்ணெய்ப் பாட்டிலுக்குத் தக்கை அது, குளிருக்குக் காதில் வைப்பதும் அதுதான். கட்டிங் மேசைக்கடியில் குவிந்து கிடக்கிறபோது, கடைக்குப் போய் ஒரு மூடி வாங்க யாருக்குத் தோன்றும்?

கார் ஓட்ட என்னைக் கற்றுக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். நானாகக் கேட்கவில்லை. "எங்கூட்ல பொம்பளையே கார் ஓட்டுது" என்று நூல் வியாபாரிகளிடம் சொல்லிக்கொள்வதில் அவருக்கு அத்தனை பெருமை. லாரி வைத்திருந்த என் அண்ணன் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். லைசென்ஸும் வாங்கினேன். யாராவது வீட்டுக்கு வந்தால், காபி கொடுத்த கையோடு காரை வெளியே எடுத்துக் காட்டு என்பார் வீட்டுக்காரர். சர்க்கஸ் யானை மாதிரி எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கார் வந்த பிறகுதான் எனக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்று கிடைத்தது. சாமளாபுரத்தில் அண்ணன் வீட்டில் என் அம்மா வாதம் வந்து படுத்திருந்தார். வலப்பக்கம் கையும் காலும் வராது, வாயும் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றாவிட்டால் அம்மாவுக்கு அந்த வாரமே விடியாது. அதே சமயம், மருமகள் முன்னால் உடம்பைக் காட்டக் கூச்சம். நான் போய்த்தான் வெந்நீர் ஊற்றி, சிகைக்காய் தேய்த்து, தலையைத் துவட்டிவிட வேண்டும். முன்பெல்லாம் அதற்கு வீட்டுக்காரரைக் கேட்டு, துணைக்கு ஆள் தேடி, பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் மாதமே ஓடிவிடும். கார் வந்த பின் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுவேன். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கார்தான் சாமளாபுரம் போகிற வழியில், மங்கலம் என்ற ஊரைத் தாண்டியதும் நின்றது.

முதல் தடவை நின்றபோது இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்துபோனது. அரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "கிளச்ச சரியா மிதிச்சிருக்க மாட்ட" என்றார். மறு மாதம் அதே சாலையில், கிட்டத்தட்ட அதே இடத்தில் மறுபடி நின்றது. அந்தப் பக்கம் வந்த பஸ் வேகத்தைக் குறைத்தது. ஜன்னலெல்லாம் தலைகள். "பொம்பள ஓட்டுதுடோய்" என்று ஒருவன் கத்த, பஸ்ஸே சிரித்தது. வண்டி நின்றதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகுதான் பட்டறை. நான் முதலில் சொன்ன கியர் கேள்வி அங்கேதான். மெக்கானிக் காயிலை மாற்றினார். பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். ஊதி முடித்து ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "வண்டி பூ மாதிரி போகுதுங்க மொதலாளி. ஓட்டற கையிலதான் இருக்குதுங்க" என்றார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். அவர் ஓட்டும்போது ஒருநாள்கூட நின்றதில்லையாம். எப்படி நிற்கும்? அவர் வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போவார், கம்பெனியிலிருந்து பேங்குக்குப் போவார். மொத்தம் இரண்டு மைல். கோயமுத்தூருக்கு ரயிலில்தான் போவார், அந்தப் பெட்டியில்தான் நூல் வியாபாரம் பேசலாம் என்று. தூரம் போகிறவள் நான் ஒருத்தி. தூரம் போனால்தான் அது நிற்கிறது என்று நான் சொன்னதை இரண்டு ஆண்பிள்ளைகளும் கேட்டுக்கொண்டார்கள். அத்தோடு சரி.

அன்று இரவு சாப்பாட்டில் கை வைத்தபடி சொன்னார்: "இன்னொருக்கா நின்னுச்சுன்னா டிரைவரப் போட்டுறலாம் புள்ள."

டிரைவர் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். டிரைவர் கம்பெனிக்கு. கம்பெனி வேலை, பேங்க் வேலை, வந்த வியாபாரியை ஸ்டேஷனில் விடும் வேலை எல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால்தான் எனக்கு. வெள்ளிக்கிழமை போச்சு. அம்மா தலையில் பிசுக்கோடு படுத்துக் கிடக்க வேண்டியதுதான். காரை ஓட்டு ஓட்டு என்று பிடரியைப் பிடித்துத் தள்ளியவர், இப்போது சாவியைக் கொடு என்கிறார். 

மூன்றாவது தடவையும் நின்றது. மங்கலம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். "நாசமாப் போன வண்டியே" என்று ஸ்டியரிங்கை அறைந்தேன். அழுகை வந்தது. அழுதால் அடுத்த பஸ் வரும், அதற்கும் வேடிக்கை ஆகிவிடும் என்று இறங்கி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பானட்டைத் திறந்தேன். பட்டறையில் என்னை யாரும் மதிக்காததில் ஒரு லாபம் இருந்தது. பேசுவதற்கு ஆள் இல்லாததால் மெக்கானிக் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். பெட்ரோல் பம்பின் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், அதில் எப்போதும் பெட்ரோல் நிற்க வேண்டும். அன்றைக்குப் பார்த்தால் கிண்ணம் காலி. அடியில் வெள்ளையாக என்னவோ படிந்திருந்தது.

திருகைச் சுற்றிக் கிண்ணத்தைக் கழற்றி, விரலால் வழித்து எடுத்தேன். நூல். ஒரு விரற்கடை நீளம் இருக்கும். இழுத்தேன், நேரானது. விட்டேன், மறுபடி சுருண்டுகொண்டது.

நான் பிறந்தது சாமளாபுரத்தில் தறிக்காரர் வீட்டில். தறியில் ஓடிய நூலைப் பிரித்தால் கோடு மாதிரி நேராக வரும். வாக்கப்பட்டு வந்தது பனியன்காரர் வீட்டுக்கு. பனியன் துணியைப் பிரித்தால் நூல் சுருள் சுருளாகத்தான் வரும், எத்தனை இழுத்தாலும் அந்த வளைவு போகாது. தரகருக்கும் மெக்கானிக்குக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. அது எங்கள் கம்பெனித் துணி. டாங்கியின் வாயில் இருப்பதுபோல உள்ளேயும் ஒன்று கிடக்கிறது. ஓடும்போது அது மெல்ல மெல்ல நகர்ந்து போய்ப் பெட்ரோல் குழாயின் வாயை மூடுகிறது. வண்டி நின்றதும் விலகிக்கொள்கிறது. ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்தால் அது எப்படித் தெரியும்?

கிண்ணத்தை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். வண்டி கிளம்பியது. நேரே திரும்பிப் போய் அவர் முகத்துக்கு முன்னால் அந்த நூலை ஆட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அம்மா விடியற்காலையிலேயே கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். அதனால் சாமளாபுரத்துக்கே போனேன். வெந்நீர் இரண்டு முறை ஆறி மூன்றாம் முறை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா கோணிய வாயால், "நின்னு போச்சா கண்ணு?" என்றார். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. தலை துவட்டும்போது, "இனி வர உடமாட்டாங்களா?" என்றும் கேட்டார். "அதெல்லாம் வருவேம்மா" என்று சொன்னேன்.

திரும்பும் வழியில் இன்னொரு முறை நின்றது. நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்கே போய், வீட்டுக்காரருக்கும் ஆள் அனுப்பி வரவழைத்தேன்.

"டாங்கியக் கழட்டுங்க" என்றேன். மெக்கானிக் அவரைப் பார்த்தார். "அவரு எதுக்குங்க? நாஞ் சொல்றேன், கழட்டுங்க."

டாங்கியை இறக்கிக் கவிழ்த்து, கம்பியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டார். ஒன்று வந்தது. அடுத்து இன்னொன்று. மொத்தம் ஏழு. எல்லாம் பிறை வடிவம். கையில்லாத பனியனுக்குக் கைக்குழி வெட்டும்போது விழுகிற துண்டுகள். அந்த வடிவத்தில் பனியன் துணி வேறு எந்தத் தொழிலிலும் விழாது. ஒவ்வொன்றாக உள்ளே விழ விழ, என் வீட்டுக்காரர் புதிதாக ஒன்றைத் திணித்துக்கொண்டே வந்திருக்கிறார். முன்னது எங்கே போனது என்று ஒருதரம், ஒரே ஒரு தரம் யோசித்திருக்க வேண்டாமா மனுஷன்!

மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "அம்மணி பள்ளம் மேடு பாக்காம ஓட்டிருப்பாங்க. அந்தக் குலுக்கல்ல உள்ள உழுந்திருக்குமுங்க, மொதலாளி."

அடப்பாவி! நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "செரி செரி, உடு. ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

விடுவேனா? ஏழு துண்டுகளையும் வாங்கி வந்தேன். சோப்புப் போட்டு இரண்டு தரம் அலசினேன். வாசலுக்கு நேரே கொடி கட்டி வரிசையாகக் காயப் போட்டேன். நூல் வியாபாரி, அக்கம்பக்கம், பால்காரர் என்று வந்தவரெல்லாம் அது என்ன என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இரண்டாம் நாள் வீட்டுக்காரர் டாங்கிக்குப் புது மூடி வாங்கி வந்தார். காட்டினார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். மூன்றாம் நாள், "அந்தத் துணிய எடுத்துப் போடு புள்ள, மானம் போகுது" என்றார். "எடுத்துப் போடறனுங்க. வண்டி யாரால நின்னுச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. "டிரைவர் வேலைக்குங்க. பத்து நாளைக்கு முந்தியே மொதலாளி வரச் சொல்லியிருந்தாருங்க" என்றார்.

பத்து நாளைக்கு முந்தி! அப்படியென்றால் மூன்றாவது தடவை நிற்பதற்கு முன்பே ஆளைச் சொல்லி வைத்துவிட்டார். இன்னொருக்கா நின்றால் பார்க்கலாம் என்றதெல்லாம் வெறும் பேச்சு.  சிகைக்காய்ப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே அப்படியே நின்றேன். உள்ளேயிருந்து அவர் வந்தார். டிரைவரைப் பார்த்தார், கொடியில் ஆடிய ஏழு துண்டுகளைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"ஆளு வேண்டாமுங்க" என்றார் டிரைவரிடம். "வண்டி அம்மணி ஓட்டி நிக்கலீங்க. அத நிறுத்துனது நாந்தானுங்க."

ஊர் பேர் தெரியாத ஆளிடம் அத்தனை 'ங்க' போட்டுச் சொன்னார். எனக்குச் சொல்ல வேண்டியது அது! டிரைவர் ஒன்றும் புரியாமல் கும்பிட்டுவிட்டுப் போனார். "அதையே இந்தப் பக்கம் திரும்பி ஒருக்கா சொல்லுங்க" என்றேன். திரும்பவில்லை. கொடிக்குப் போய் ஒவ்வொரு துண்டாக எடுத்து மடித்து, ஏழையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"கெளம்பு புள்ள. அங்க அம்மா கொண்டைய அவுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கும்" என்றார்.

அதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ. சாவியைப் பிடுங்கிக்கொண்டுதான் போனேன், கோபம் தீரவில்லை. அன்றைக்கு மங்கலம் தாண்டியும் வண்டி நிற்கவில்லை.