உயிரோடிருந்தவருக்கு ஒரு நிமிட மௌனம்

எங்கள் இசைக்குழு தேயிலைத் தோட்டத்துத் திருவிழாக்களில் வாசிக்கும். பாட்டு, கீபோர்ட், அறிவிப்பு மூன்றும் நான். ட்ரம்ஸ் வாசிப்பவர் ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சனிக்கிழமை மாலை வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஸ்கொட்லாந்திலிருந்து சுற்றுலாக் கூட்டமொன்று வந்திருந்தது. அவர்கள் நாட்டுப் பொப் ரொக் குழு ஒன்றின் பாட்டுகளை வாசித்து, அந்தக் குழுவைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். பிடித்துப்போனால் எல்லாச் சனிக்கிழமையும் எங்களுக்குத்தான் என்றார் மெனேஜர்.

அந்தக் குழுவின் கதை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று சொல்லிவைத்தேன். தெரிந்தது மூன்று பாட்டு. மிச்சத்தை பஸ்ஸில் போகும்போது போனில் படித்தேன். பள்ளித் தோழர்கள் நாலு பேர். மதுக்கடைகளில் வாசித்துத் தொடங்கினார்கள். இரண்டாவது இசைத்தட்டில் பெரிய பெயர். பிறகு கிட்டார்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் பல வருடமாகப் புதுப்பாட்டே இல்லை. தலவாக்கலையில் டேட்டா தீர்ந்தது. பாட்டு இல்லையென்றால் பாடகரும் இல்லை என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் பக்கத்தில் உயிருள்ளவரை எந்தப் பாட்டுக்காரரும் மைக்கை விட்டதாகச் சரித்திரம் கிடையாது.

மேடை ஏறி மைக்கைப் பிடித்தேன். பதற்றத்தில் எனக்குப் பழக்கம்தான் பேசும். தோட்டத்து மேடையில் மறைந்த கலைஞர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்தாமல் முதல் பாட்டு கிடையாது. என் ஆங்கிலத்தில் குழுவின் கதையைச் சொல்லி, மறைந்த பாடகருக்காக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார்.

முன்வரிசைப் பெரியவர் கையை உயர்த்தி, எப்போது இறந்தார் என்று மெதுவாகக் கேட்டார். போன மாதம்தான் அவருடைய கச்சேரிக்குப் போய்வந்தாராம்.

பின்னாலிருந்து நண்பர், "உசிரோட இருக்கிற மனுசன மவுத்தாக்கிட்டீங்களே அண்ணே," என்றார்.

"இப்ப என்னா செய்யிறது?"

"பாடுங்க. அவங்க இன்னும் நின்னுக்கிட்டே இருக்காங்க பாருங்க."

தெரிந்த மூன்றில் முதலாவதைத் தொடங்கினேன். கண்ணைத் துடைத்த அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் நின்றபடியே சேர்ந்து பாடினார்கள், நான் வரியைப் பிழையாகப் பாடிய இடங்களில் சத்தத்தைக் கூட்டி.

சாமான்களைக் கட்டும்போது மெனேஜர் வந்தார். "எல்லா சனிக்கிழமையும் வாங்க. நீங்க பாட்டு மட்டும். பேச்சு அவரு," என்று நண்பரைக் காட்டினார்.

"நான் இனி சுருக்கமா பேசுறேங்க, சேர்."

"வேணாங்க."

இப்போது அறிவிப்பு நண்பருடையது. பாட்டுக்கு ஒரு வரிதான் பேசுகிறார். இதுவரை யாரையும் கொல்லவில்லை.