மாற்றி வைத்த பதினான்கு அட்டைகள்

சோலைராஜ் பொறாமைக்காரன் என்று இடைசெவலில் யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்துப் புஞ்சையில் உளுந்து நாலு மூட்டை கூடுதலாகக் கண்டால், "இந்த வருசம் ஒனக்கு மழை பாத்துப் பேஞ்சிருக்குப்பா" என்று சிரித்துவிட்டுப் போகிறவன். தம்பி உக்கிரபாண்டி டிராக்டர் வாங்கி வந்த அன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்ததே இவன்தான். அப்படிப்பட்டவனுக்கு முப்பத்தேழாவது வயதில் வயிறு எரிய ஆரம்பித்தது. ஊரில் எவர் மேலும் இல்லை. கட்டின பெண்டாட்டி செல்வமாரி மேல்.

அவன் பி.எஸ்ஸி. முடித்தவன். கோவில்பட்டி புறவழிச்சாலையில் தங்கப்பாண்டியன் அண்ணாச்சியின் எடை மேடையில் வேலை. மக்காச்சோள லாரியோ கரிமூட்டை ஏற்றிய வண்டியோ மேடையில் ஏறும். எடையைப் பார்த்துச் சீட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வண்டி வரும்வரை சும்மா இருக்கலாம். அந்த நேரத்தில்தான் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்தான். மூன்று முறை எழுதியும் கிடைக்கவில்லை. கடைசி முறை ஐந்து கேள்வியில் போயிற்று.

கோச்சிங் சென்டருக்குப் போக நேரமில்லாதவனுக்கு இணையத்தில் ஒரு தளம் அகப்பட்டது. 'நினைவட்டை' என்று பெயர். ஒரு பக்கம் கேள்வி, தொட்டால் மறுபக்கம் விடை. தெரியாத அட்டை திரும்பத் திரும்ப வந்து நிற்கும். யார் வேண்டுமானாலும் அட்டை எழுதிப் போடலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தளத்துக்காரர்களே நூறு கேள்வியில் ஒரு மாதிரித் தேர்வு நடத்துவார்கள். மதிப்பெண்ணும் தரவரிசையும் உடனே வரும். விடைகள் புதன்கிழமை வரும்.

சோலைராஜ் இரண்டு வருடம் உட்கார்ந்து ஆயிரத்து நூறு அட்டை எழுதினான். பள்ளிப் புத்தகங்களை வரி வரியாகப் பிரித்து, தனக்கே புரிகிற சின்ன வாக்கியங்களில் போட்டான். எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்தே வைத்தான். முகம் தெரியாதவர்கள் நன்றி எழுதுவார்கள். அதைப் படித்தால் அன்றைக்கு வெயிலே உறைக்காது.

செல்வமாரி நாகலாபுரத்துப் பெண். பத்து வயதிலேயே வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனவள். அதிகாரிகள் சோதனைக்கு வந்து, பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததில் பிளஸ் டூ வரை படித்தாள். கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி தீப்பெட்டி ஆபீஸ் வேன்தான். பண்டல் கட்டும் வேலை.

ஒரு நாள் சாயங்காலம் அவன் அட்டை எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"இது என்னங்க, சீட்டு விளையாட்டு மாதிரி இருக்கு?"

"பரிச்சைக்கு உள்ளது. நீயும் வேணா படி."

"நான் என்னத்த ஆபீசராகப் போறேன். வேன்ல சும்மா வாரப்ப பாக்கலாம்லா. எம் பேரையும் அதுல போட்டுத் தாங்க."

அவன்தான் அவள் போனில் போட்டுக் கொடுத்தான்.

முதல் அட்டையே 'பருத்திக்கு ஏற்ற மண் எது?' என்று கேட்டது. "இதக் கேக்கதுக்கு ஒரு பரிச்சையா!" என்று கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அந்த மாதம் அவனுக்கு அது சந்தோஷமான மாதம்.

வேன் வந்துபோக ஒன்றரை மணி நேரம். செல்வமாரி கேள்வியைச் சத்தமாக வாசிப்பாள். கூட வருகிற பெண்கள் விடை சொல்வார்கள். வெற்றிலை போட்ட வாயோடு வெயிலம்மாள்கூட, "குடியரசுத் தலைவருக்கு வயசு முப்பத்தஞ்சு ஆகணும்ட்டி" என்று கத்துவாளாம். விளையாட்டுப்போல ஆரம்பித்தது. மூன்றாவது மாதம் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வையும் எழுதினாள். சோலைராஜுக்கு எண்பத்தாறு. செல்வமாரிக்கு எண்பத்தொன்பது.

"ஏங்க, ஒங்கள விட மூணு கூட!" என்று போனைத் தூக்கிக் காட்டினாள். கண்ணில் அத்தனை வெளிச்சம்.

"கேள்வி லேசுட்டி இந்த வாரம்," என்றான்.

அடுத்த வாரம் தொண்ணூற்றொன்று. அதற்கடுத்த வாரமும் தொண்ணூற்றொன்று. அவன் எண்பத்தாறிலும் எண்பத்தைந்திலும் கிடந்தான். தங்கப்பாண்டியன் அண்ணாச்சி ஒரு நாள் எடை மேடையில் உட்கார்ந்து அந்த வரிசையைத் தன் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஏலே சோலை, ஒன் வீட்டுக்காரி பேருல்லா மேல கெடக்கு. நீ எங்கனல இருக்க?"

"இன்னுங் கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க அண்ணாச்சி."

அவர் தள்ளிக்கொண்டே போனார். அண்ணாச்சி கேலி பேசுகிற ஆள் இல்லை. ஆனாலும் அவர் விரல் திரையில் இறங்க இறங்க, சோலைராஜுக்கு அடிவயிற்றில் மிளகாய் வற்றலை வறுத்தது போல் இருந்தது.

அதன் பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. அடுப்படியில் நின்றபடி அவள் விடையை முணுமுணுப்பது. அவன் யோசிக்கிற கேள்விக்கு, துணி மடித்துக்கொண்டே அவள் பட்டென்று பதில் சொல்வது. ரேஷன் கடை வரிசையில் பெண்கள் அவளைச் சூழ்ந்து சந்தேகம் கேட்பது. "எல்லாம் இவிய எழுதின அட்டைதான்" என்று அவள் எல்லோரிடமும் சொல்லத்தான் செய்தாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல இவனுக்கு இன்னும் புழுங்கியது. நெல்லை இவன் குத்த, சோற்றை அவள் உண்கிறாள் என்று ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வண்டி எதுவும் வராத நேரத்தில், சோலைராஜ் தன் அட்டைகளைத் திறந்தான். அரசியலமைப்பில் விதி பதினேழு தீண்டாமை ஒழிப்பு, பதினெட்டு பட்டங்கள் ஒழிப்பு. இரண்டையும் மாற்றிப் போட்டான். குழந்தைகளைத் தொழிற்சாலை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது இருபத்து நான்கு. அதை இருபத்து மூன்று ஆக்கினான். பூனா ஒப்பந்தத்தை ஒரு வருடம் முன்னால் தள்ளினான். இப்படிப் பதினான்கு அட்டை. ஒரு கரிவண்டி வந்து ஹாரன் அடித்ததும் எழுந்துபோய்ச் சீட்டு எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த வாரத் தேர்வில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை; மாற்றின அட்டைகள் இன்னும் அவளிடம் திரும்பி வந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு எண்பத்து நான்கு; அவனுக்கு எண்பத்தேழு. வரிசையில் தன் பெயர் அவள் பெயருக்கு மேலே இருப்பதை அவன் மூன்று தடவை பார்த்தான். அன்று அவனே கடைக்குப் போய்க் கடலை மிட்டாய் வாங்கி வந்தான்.

செல்வமாரி மிட்டாயைத் தொடவில்லை. "படிச்சது நிக்க மாட்டேங்கு. மூள மழுங்கிட்டு போல," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோவில்பட்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பள்ளிப் பாடப் புத்தகம். சோலைராஜ் சட்டையைக் கழற்றி மாட்டும்போது பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏங்க, சின்னப் பிள்ளைகள வேலைக்கு வைக்கக் கூடாதுங்கது எத்தனாவது விதி?"

அவன் திரும்பவில்லை. "ஏன்?"

"புக்குல இருவத்தி நாலுன்னு போட்டிருக்கான். ஒங்க அட்டையில இருவத்தி மூணு. எனக்கு இந்த விதி மட்டும் தப்பவே கூடாதுன்னு இருந்தேன். அந்த விதியாலதான நான் பள்ளிக்கூடம் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. புக்குல தப்பா அச்சடிச்சிட்டான்னு பேனாவால அடிச்சி மூணுன்னு எழுதிட்டேன். நீங்க எம்புட்டு பாத்துப் பாத்து எழுதுன அட்டை. அதுல தப்பு வருமா?"

சட்டை ஆணியில் நிற்காமல் கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கக்கூட இல்லை. சாப்பிட உட்கார்ந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி எழுந்துவிட்டான். அவள் உடனே சுக்குத் தண்ணீர் வைத்துக் கொண்டுவந்தாள். அதைக் குடிப்பது அடி வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் எடை மேடைக்குப் போனதும் முதல் வேலையாகத் தளத்தைத் திறந்தான். யாரோ ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். 'அண்ணே, பதினேழும் பதினெட்டும் இடம் மாறியிருக்கிறது. நீங்கள் தப்புப் போட மாட்டீர்களே, கை தவறியிருக்கும். மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டேன்.' கீழே, இந்த அட்டைகளைப் படிப்பவர்கள் இரண்டாயிரத்து முந்நூறு பேர் என்று காட்டியது. அந்த எண்ணிக்கை அவன் தினமும் பார்க்கிறதுதான். பெண்டாட்டி ஒருத்தியைக் கவிழ்க்கப் போனபோது இத்தனை பேர் நினைப்பில் வரவே இல்லை. பதினான்கையும் திருத்தினான். சத்தமில்லாமல் விட்டுவிடாமல் 'பதினான்கு விடைகள் தவறாக இருந்தன. இவைதான்' என்று பட்டியல் போட்டு மேலே ஒட்டி வைத்தான்.

கை தவறியது என்று செல்வமாரியிடமும் சொல்லிவிடலாம். சொன்னால் நம்பிவிடுவாள். அது தெரிந்ததால்தான் அவனால் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் அவள் வேனை விட்டு இறங்கி வந்து கைகால் கழுவும்வரை காத்திருந்தான்.

"செல்வி, புக்குல உள்ளதுதான் சரி. அட்டையில நாந்தான் மாத்தி வச்சேன்."

"மாறிட்டா?"

"மாறல. மாத்தி வச்சேன். பதினாலு அட்டை. வேணும்னேதான்."

அவள் துண்டால் முகத்தைத் துடைப்பதை நிறுத்தினாள். "எதுக்கு?"

"நீ எனக்கு மேல போனது பொறுக்கல."

துண்டைக் கொடியில் போட்டாள். பிறகு, "நான் ஒங்களத் தாண்டிப் போகணும்னு படிக்கலயே. நீங்க எழுதுனதுன்னுதான படிச்சேன்," என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உள்ளே போய் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து அவன் முன்னால் போட்டாள். "பதினாலும் எது எதுன்னு எழுதுங்க."

எழுதினான். ஒவ்வொன்றையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். எழுதி முடித்ததும் கேட்டாள்: "பதினஞ்சாவது இருக்கா?"

"சத்தியமா இல்ல."

"சத்தியத்த வச்சி நான் என்ன செய்ய?"

அன்றிலிருந்து ஆயிரத்து நூறு அட்டையையும் ஒன்றுவிடாமல் பாடப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க ஆரம்பித்தாள். விடியுமுன் எழுந்து முப்பது, வேனில் ஒரு இருபத்தைந்து. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், மகள் விஷயம் பேசினாள், மற்றபடி பேச்சில்லை. மூன்று வாரத்தில் முடித்தாள். பதினைந்தாவது இல்லை. ஆனால் அத்தனை புத்தகமும் அவளுக்குள் போய்விட்டது. அட்டையை மட்டும் நம்பியிருந்தால் ஒருநாளும் பிரித்திருக்க மாட்டாள். கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் வாங்கியது தொண்ணூற்றாறு. அதையும் பார்த்தான் சோலைராஜ். கெடுக்கப் போன கையாலேயே உரம் வைத்துக் கொடுத்தோமே என்று அப்போதும் ஒரு காந்தல் எழுந்தது. அதை நினைத்து வெட்கமும் கூடவே வந்தது.

தேர்வை இருவரும் கோவில்பட்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் எழுதினார்கள். போகும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள், வாசலில் இறங்கியதும், "விடைய மாத்தி அடிச்சிராதீங்க, நல்லா வாசிச்சி எழுதுங்க," என்றாள். குத்திச் சொன்னாளா, அக்கறையாகச் சொன்னாளா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

முடிவு வந்தது. செல்வமாரிக்கு இளநிலை உதவியாளர் வேலை, விளாத்திகுளத்தில். சோலைராஜுக்கு இம்முறை மூன்று கேள்வியில் போயிற்று. தங்கப்பாண்டியன் அண்ணாச்சி பூந்தி வாங்கிக் கொண்டு வீட்டுக்கே வந்தார். "ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கெடைச்சா போதும்லா," என்று அவன் முதுகில் தட்டினார். போதும்தான் என்று அவனும் சொன்னான்.

இப்போது காலையில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு எடை மேடைக்குப் போகிறான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவள் ஏறிப் போவதைப் பார்க்கும்போது பெருமையும் எரிச்சலும் ஒன்றாகத்தான் வருகின்றன. எது முந்துகிறது என்பது நாளுக்கு நாள் மாறும். அஞ்சல்வழியில் பட்டப்படிப்புச் சேர்ந்திருக்கும் செல்வமாரி, அதை முடித்ததும் எழுதப்போகும் குரூப் டூவுக்குத் தானே அட்டை எழுதுகிறாள். அவளுடையதும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. சாயங்காலம் அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது அவனிடம் கேள்வி கேட்பாள். தப்பாகச் சொன்னால் கரண்டியை வைத்துவிட்டு, எந்தப் பாடத்தில் இருக்கிறது என்றும் சொல்வாள்.

"இது கூடவா தெரியல?" என்றாள் ஒரு நாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. "தெரியல," என்றான். "அடுத்ததக் கேளு."