முன்னால் நின்ற இரண்டு பூஜ்யங்கள்

கும்மிடிப்பூண்டியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. பொன்னேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் வருவேன். சேர்ந்த புதிதில் எல்லாருக்கும் புது அடையாள அட்டை அச்சடிக்கச் சொன்னார்கள். ஆரம்பத்தில் சேர்ந்தவர்களின் எண் மூன்று இலக்கம், பிறகு வந்தவர்களுடையது ஐந்து. அட்டைகளைப் பார்த்த மேலாளர், “ஒண்ணு குட்டையா, ஒண்ணு நெட்டையா இருக்கேம்மா” என்றார். எல்லா எண்ணும் ஐந்து இலக்கமாகத் தெரியும்படி முன்னால் பூஜ்யம் சேர்த்தேன். 386 என்பது அட்டையிலும் திரையிலும் 00386 ஆனது. உள்ளே சேமித்திருந்தது மட்டும் பழைய 386தான். அதைத் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு முதலுதவி அறைக்குத் தனியாக ஒரு மென்பொருள் வந்தது. எங்கள் பட்டியலை அதில் ஏற்றியதும் நான்தான். இரண்டு மூன்று எண்களைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் புது ஆட்களுடையவை. சரியாக வந்தது.

386 பேக்கிங்கில் இருந்த ஒரு அக்காவின் எண். கவரைப்பேட்டைக்காரர். ஒரு நாள் காலை, பெட்டி கட்டும் மிஷினில் அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் நர்ஸ் எனக்குப் போன் செய்தார்.

“மேடம், இந்த நம்பர்ல ஆளே இல்லன்னு வருது. அவங்க மயக்கத்துல இருக்காங்க. ஆம்புலன்ஸ் நிக்குது, சீக்கிரம் வாங்க.”

ஓடினேன். திரையில், அட்டையைப் பார்த்து நர்ஸ் தட்டியிருந்த 00386. அதன் கீழே, அப்படி ஒரு பணியாளர் இல்லை என்ற வரி. கட்டிலில் அந்த அக்கா கிடந்தார், கையைச் சுற்றிய துணி முழுக்க ரத்தம். நான் முன்னாலிருந்த இரண்டு பூஜ்யங்களையும் அழித்தேன். உடனே வந்துவிட்டது. கணவரின் போன் நம்பர். அதற்கும் கீழே, ஒரு ஊசியின் பெயர் போட்டு, அது அவருக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சுத் திணறும் என்ற குறிப்பு. நர்ஸ் அதைத் தாளில் எழுதி ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்பினார்.

ஆள்காட்டி விரலின் நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு நான் காரணமில்லை. ஆனாலும் அந்தப் பூஜ்யங்களைப் போட்டது நான்தான்.

மேலாளரிடம் சொன்னேன். “ஒண்ணும் ஆகலையே, விடும்மா” என்றார். விட முடியவில்லை. அட்டையில் உள்ளபடி தட்டினால், பழைய ஆட்கள் ஒருவர்கூட அந்த அறையின் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். பூஜ்யத்தோடு தட்டினாலும் இல்லாமல் தட்டினாலும் ஆள் வரும்படி மாற்றி, நர்ஸோடு உட்கார்ந்து பழைய எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். லேபிள் ஒட்டும் மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். போய் நடந்ததைச் சொன்னேன்.

“அப்போ முன்னாடி நிக்கற ரெண்டு முட்டை என்னுது இல்லியா?”

“இல்லக்கா. பார்க்க நல்லா இருக்கட்டும்னு நான் போட்டது.”

“இன்னாம்மா நீ! என் நம்பர் முந்நூத்து எம்பத்தாறு. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். மயங்கிக் கெடந்தவள யாரு கேக்கறது?”

அவர் முகத்தில் கோபம் இல்லை, யோசனைதான் இருந்தது.

“அந்த ஊசி சமாச்சாரம் எப்பவோ சொன்னது. அத்தக் கூடவா எழுதி வெச்சினு இருந்தாங்க?”

“இருந்துச்சுக்கா.”

“பரவால்லியே” என்று டேப் சுருளை என் பக்கம் தள்ளினார். “இந்தக் கையால இன்னும் புடிக்க வரல. இத்த மட்டும் கிழிச்சிக் குடு.”

சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.