காலிக் கட்டம்

சோப்புக் கம்பெனியில் தரம் பார்ப்பவருக்கு எந்த வேலையும் முக்கால்வாசியில் முடிந்துவிடும். குக்கரில் அரிசியைப் போட்டு மூடுவார், சுவிட்சைத் தட்ட மாட்டார். குடையை வாசல்வரை கொண்டுவந்து செருப்புப் பக்கத்தில் சாய்த்துவிட்டு மழையில் நனைந்து போவார். கேட்டால், "எல்லாம் பண்ணிட்டேனே" என்று சண்டைக்கு வருவார்.

அப்படிப்பட்டவரிடம் போய் மேனேஜர், சோப்பின் எடை ஏன் ஏறி இறங்குகிறது என்று எக்செலில் டேட்டா அனாலிசிஸ் போட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த வசதி கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கிறது, தட்டி எழுப்பினால் போதும். இவரும் ஆப்ஷன்ஸில் ஆட்-இன்ஸைத் திறந்து, 'கோ' கொடுத்து, வரும் பட்டியலில் 'அனாலிசிஸ் டூல்பேக்' என்ற பெயரை அழுத்துவார். பெயர் நீலமாகும். ஓகே கொடுப்பார். டேட்டா அனாலிசிஸ் பட்டன் மட்டும் வராது. ஒரு வாரம் இதே கூத்து. கடைசியில் கம்ப்யூட்டருக்குத்தான் கிறுக்கு என்று மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்.

மெக்கானிக் பையைத் திறப்பதற்குள், அதே கம்பெனியில் பக்கத்து அறையில் கணக்குப் பார்க்கும் இவர் மனைவி சாப்பிடக் கூப்பிட வந்தாள். அவர் செய்து காட்டியதைப் பார்த்தாள். மவுஸை வாங்கி, பெயருக்கு முன்னால் காலியாக இருந்த கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுத்தாள். மேலே, டேட்டா வரிசையின் கோடியில் பட்டன் வந்து உட்கார்ந்தது.

"அதான் பேரைத் தொட்டேனே," என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சார் எப்பவும் இப்படித்தானாக்கா?" என்றான் மெக்கானிக்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என் ரூம் வாசல்ல வந்து நின்னு, வருஷக்கணக்கா என்னைப் பார்த்துட்டுப் பார்த்துட்டுத் திரும்பிப் போவார்," என்றாள். "அதுக்கும் டிக் போட்டது நான்தான்."