மீன் கூடைத் தபால்

"நாலைந்து கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்காவது பதில் உண்டா? பத்திரிகையில் பெயர் வந்துவிட்டால் இவ்வளவு கர்வமா?" என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கர்வம் இல்லை, அம்மா. பள்ளம்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் போன சனிக்கிழமைதான் எனக்குக் கிடைத்தன. மொத்தமாக, ஒரே கட்டாக. ஒவ்வொன்றிலும் சாம்பிராணியும் விளமீனும் கலந்த ஒரு வாசனை... திண்டுக்கல் அம்மையாரின் கடிதத்தில் மீன் சற்றுத் தூக்கல். அவர் சைவமாக இருந்தால் என்னை மன்னிக்க வேண்டும். நானும் சைவம்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உச்சிப்புளியைத் தாண்டி, கடல் பக்கமாக ஒதுங்கியிருக்கிறது எங்கள் ஊர். ரயிலடி, தபாலாபீஸ், கடைத்தெரு எல்லாம் ஓடைக்கு அந்தக் கரையில். எங்கள் தெரு இந்தக் கரையில். நடுவில் ஒரு சின்னப் பாலம் இருந்தது. ஆடி மாதம் ஒரு காண்டிராக்டர் வந்து, "பாலம் பழசாப் போச்சு, புதுசாக் கட்டப் போறோம்" என்றார். நாங்களும் சந்தோஷப்பட்டு அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தோம்.

இடிக்கிற வேலை மளமளவென்று நடந்தது. இடிப்பதில் நம்மவர்களுக்கு இருக்கிற சுறுசுறுப்பே தனி! இடித்து முடித்ததும் இரண்டு கரையிலும் ஒவ்வொரு போர்டை நட்டுவிட்டு, ஆட்களோடு போய்விட்டார் காண்டிராக்டர். 'வேலை நடக்கிறது. பாதை இல்லை' என்று போர்டில் எழுதியிருக்கிறது. இதில் பின்பாதி சத்தியம்.

யாரோ ஒரு புண்ணியவான் பள்ளத்தின் குறுக்கே ஒரு பனைமரத்தை வெட்டிப் போட்டார். ஆள் நடக்கலாம். வண்டி, மாடு, சைக்கிள் எதுவும் வராது. சைக்கிள் வராததால் தபால்காரர் சந்தனமும் வரவில்லை.

"சைக்கிளை அந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரக் கூடாதா?" என்று அவரைக் கேட்டேன்.

"வரலாம் சார். சர்க்கார் பையோட வாரேன், மரத்துல வழுக்கி விழுந்துட்டேன்னு வைங்க. என்னய விடுங்க... பை என்ன ஆகுறது?"

சர்க்கார் பை ஆயிற்றே! ஆனால் சந்தனம் நல்ல மனுஷர். ஒரு மாற்று ஏற்பாடு செய்தார். பாம்பனிலிருந்து தினமும் காலை ரயிலில் வந்து இறங்குகிற மீன்காரி அந்தோணியம்மா, தலையில் கூடையோடு அந்தப் பனைமரத்தின் மேல் கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் நடந்து வந்துவிடுவாள். எங்கள் தெருத் தபாலை அவளிடம் கொடுத்தனுப்பினார். கூடைக்குள் கீழே மீன், மேலே கடிதம், நடுவில் ஒரு வாழையிலை.

அந்தோணியம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்கு வீடு கடிதக் கட்டை நீட்டுவாள். அவரவர் கடிதத்தை அவரவர் பொறுக்கிக்கொள்ள வேண்டியது. பக்கத்து வீட்டுக் கார்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். ஊர் ஒற்றுமைக்கு அதுவும் நல்லதுதானே? ஆவணி மாதம் முழுக்க ஒரு கடிதம்கூடத் தவறவில்லை.

அப்புறம் புரட்டாசி பிறந்தது.

எங்கள் தெருவில் புரட்டாசியில் மீன் வாசனையே கூடாது. திருப்புல்லாணிப் பெருமாளுக்கு மாதம் முழுக்க விரதம். மீன் வாங்க ஆளில்லாத தெருவில் மீன்காரிக்கு என்ன வேலை? அந்தோணியம்மா வருவதை நிறுத்தினாள். தபாலும் நின்றது.

பார்த்தீர்களா, உங்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்களுக்கு? காண்டிராக்டரைத் திட்டினோம். பஞ்சாயத்துக்கு மனு எழுதினோம். சந்தனத்தைப் பிடித்து உலுக்கினோம். "வர்றதை எல்லாம் அந்தோணியம்மாகிட்ட குடுத்துக்கிட்டுத்தான சார் இருக்கேன்" என்றார் அவர். சரி, அந்தோணியம்மாவைப் பிடித்துக் கேட்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். விரத மாதத்தில் ஒருவன் ரயிலடியில் மீன்காரிக்காகக் காத்து நின்றால் ஊர் என்ன சொல்லும்? சைவக்காரனான நான் போய் நின்றால் இன்னும் விசேஷம்! ஒவ்வொருவரும் அடுத்தவர் போகட்டும் என்று இருந்துவிட்டோம்.

இதெல்லாம் வேடிக்கைதான். எதிர் வீட்டுக் கமலாவுக்கு மட்டும் வேடிக்கையாக இல்லை.

கமலா, சுப்பையாவின் மகள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். கிராம சேவிகா பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு இன்டர்வியூ கார்டுக்குக் காத்திருந்தாள். சுப்பையாவுக்கு அதில் இஷ்டமில்லை. சிக்கல் என்ற ஊரில் அவருடைய அக்காள் மகன் இருக்கிறான். கண்மாய்ப் பாசனத்தில் நல்ல நிலம் இருக்கிறது. பையனைப் பற்றிப் பேசும்போது சுப்பையா முக்கால் வாசி நிலத்தைப் பற்றித்தான் பேசுவார்.

மகள் அழுதாள், மனைவி பஞ்சவர்ணமும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள். கடைசியில் சுப்பையா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஐப்பசி பொறக்குறதுக்குள்ள கார்டு வந்துச்சுன்னா நீ போ. நான் குறுக்க நிக்க மாட்டேன். வரலேன்னா சிக்கலுக்குப் போயி தேதி குறிச்சிட்டு வந்துருவேன்."

தெருவே இதற்குச் சாட்சி. கார்டு வரவேண்டும் என்று பஞ்சவர்ணம் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டாள். இந்த வருஷம் அவள் இருந்த விரதம் மாதிரி யாரும் இருந்ததில்லை. வெங்காயம்கூட வீட்டுக்குள் வரவில்லை. சுப்பையாவும் நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு மனைவியோடு விரதம் இருந்தார்.

"அய்யா, அந்தோணியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கய்யா" என்று கமலா கெஞ்சியதை என் காதால் கேட்டேன்.

"புரட்டாசியில மீன்காரியைத் தேடிப் போகச் சொல்லுறியா? வந்திருந்தா அவ கொண்டாந்து குடுத்திருப்பால்ல?" என்றார் சுப்பையா. குரலில் வருத்தம் இருந்தது. முகத்தில் அவ்வளவாக இல்லை.

கமலா தினமும் சாயங்காலம் பள்ளத்துக் கரையில் போய் நின்று அந்தக் கரையைப் பார்த்துவிட்டு வருவாள்.

போன சனிக்கிழமை, கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காதர் மீரா, தனுஷ்கோடியில் இறங்கி ஊர் வந்து சேர்ந்தார். தெருக் கோடியில் அவர் வீடு. சுப்பையாவும் அவரும் சின்ன வயதிலிருந்து மச்சான் முறை கொண்டாடுகிறவர்கள். "வாரும் பத்திரிகைக்காரரே, காதரைப் பார்த்துட்டு வருவோம்" என்று சுப்பையா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

போன நேரம் மத்தியானம். காதர் கட்டிப்பிடித்து வரவேற்றார். "மச்சான், கையைக் கழுவு! ஆயிஷா விளமீன் ஆணம் காச்சியிருக்கா" என்றார். குழம்பைத்தான் அவர்கள் ஆணம் என்பார்கள். பாவம், கொழும்பில் இருந்தவருக்குப் புரட்டாசி எங்கே ஞாபகம்? அவர் மனைவி ஆயிஷாம்மா திரைக்குப் பின்னாலிருந்து இருமிக் காட்டியதும் அவர் காதில் விழவில்லை.

சுப்பையா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மறுத்தா மனசு நோகுமே..." என்று முனகிக்கொண்டே கையைக் கழுவினார். மூன்றாம் சனிக்கிழமை! எனக்கு இடியாப்பமும் சர்க்கரையும் வந்தன. நம்புங்கள்.

சுப்பையா இரண்டாவது தடவை ஆணம் ஊற்றிக்கொள்ளும்போதுதான் என் கண் அந்த ஓலைப்பெட்டி மேல் விழுந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே கடிதங்கள்... கார்டு, கவர், பழுப்பு உறை. மேலாக இருந்தது என் பெயருக்கு வந்தது.

"இது என்னம்மா?" என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஆயிஷாம்மா பதில் சொன்னார். தெருவே அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும்.

"அந்தோணியம்மா குடுத்துட்டுப் போற கடுதாசிக. நோன்புக்காரவுக தெருவுல மீன் கூடையோட நடக்கக் கூடாதுன்னு அவ கொல்லை வழியா எங்க வீட்டுக்கு மட்டும் வந்துட்டுப் போறா. எல்லாத்துலயும் மீன் வாடை. நீங்க சுத்தபத்தமா இருக்கீக, இதை எப்படி வீட்டுக்குள்ள அனுப்புறது? பாவமில்லையா? அதான் வெயில்ல காயவச்சு, சாம்பிராணி போட்டு எடுத்து வச்சிருக்கேன். ஐப்பசி ஒண்ணாந்தேதி குடுத்தனுப்பலாம்னு."

பள்ளம் வெட்டியவனைத் திட்டலாம். சைக்கிள் பேச்சுப் பேசிய சந்தனத்தைத் திட்டலாம். எங்கள் விரதத்துக்கு எங்களைவிட அதிகமாக மரியாதை கொடுத்த இந்த அம்மாளை என்ன சொல்வது? மீன்காரியும் அதே மரியாதையைத்தான் கொடுத்திருக்கிறாள். கார்டு வருவதற்காகப் பஞ்சவர்ணம் இருந்த விரதமே கார்டை வரவிடாமல் செய்திருக்கிறது!

பெட்டியைக் கிளறினேன். எங்கள் மனுவுக்குப் பஞ்சாயத்தின் பதில்கூட இருந்தது. ஒரு வாரத்துக்குள் நேரில் வந்து விவரம் சொல்லாவிட்டால், ஆட்சேபணை இல்லை என்று கருதப்படுமாம். அதற்கு அடியில் கமலாவின் கார்டு.

எடுத்து சுப்பையாவிடம் நீட்டினேன். வலது கையில் ஆணச்சோறு, இடது கையில் கார்டு. படித்தார்.

"திங்கக்கெழமை. ராமநாதபுரத்துல" என்றார். சோற்றை மறந்துவிட்டார்.

"என்ன மச்சான், முள்ளு மாட்டிக்கிச்சா?" என்றார் காதர்.

லாத்தாவுக்கு நிலைமை பாதிதான் புரிந்தது. "அண்ணே, நீங்க இப்ப கையோட கொண்டுபோனா, எங்கன இருந்துச்சு, நீங்க அங்கன என்ன சாப்பிட்டீகன்னு அண்ணி கேப்பாகல்ல? அது பாட்டுக்கு இருக்கட்டும். நோன்பு முடியவும் நானே குடுத்தனுப்புறேன்" என்றார். அவருக்கு என்ன தெரியும், திங்கட்கிழமை கடந்துபோனால் அந்தக் கார்டு அடுப்பெரிக்கத்தான் ஆகும் என்று!

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கார்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தால் போதும். சிக்கல் நிலம் கைக்கு வரும். விரதம் முறிந்த விஷயமும் வெளியே தெரியாது. குற்றம் என்று சொல்லவும் ஆளில்லை... மரியாதைக்காக வைத்திருந்தது, தாமதமாக வந்தது, அவ்வளவுதானே? சுப்பையா வாயைத் திறக்காவிட்டால் நான் திறக்க வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சுப்பையா எழுந்து கையைக் கழுவினார். கார்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். நான் மற்றக் கடிதங்களை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வீட்டில் பஞ்சவர்ணம் மாவிளக்கு ஏற்றிவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தீர்த்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் நடுவில் சுப்பையா மகளைக் கூப்பிட்டார்.

"இந்தா, ஒன் கார்டு. திங்கக்கெழமை இன்டர்வியூ. துணிமணியை எடுத்து வை."

கமலா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கனய்யா இருந்துச்சு?"

"காதர் வீட்டுல."

பஞ்சவர்ணம் கார்டை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அப்புறம் புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள். கல்யாணமான ஆண்களுக்கு அந்த மாதிரி நிற்பதன் அர்த்தம் தெரியும்.

"வாடை கார்டுலருந்து வருதா, ஒங்ககிட்டருந்து வருதா?"

'கார்டுலருந்து' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். கார்டும் நிஜமாகவே நாறிக்கொண்டுதான் இருந்தது.

"ரெண்டுலருந்துந்தான்" என்றார் சுப்பையா. "சாப்பிட்டேன். என்னய என்ன செய்யணுமோ செஞ்சுக்க. புள்ளை திங்கக்கெழமை போகணும்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் கலங்கியது. ஊரறிய நாமம் போட்டவர், ஊரறிய அதை அழித்துக்கொண்டார். மகளுக்காகச் சொத்தை விடுகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். மானத்தை விடுகிற அப்பாவை அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை கமலா பனைமரத்தில் நடந்து ரயிலுக்குப் போனாள். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு சுப்பையா முன்னால் போனார். இன்டர்வியூவில் நன்றாகப் பதில் சொன்னாளாம். முடிவு எப்போது தெரியும்? தபாலில் வருமாம்!

புரட்டாசி முடிய இன்னும் நாள் இருக்கிறது. நேற்றுக் காலை தெருவில் ஒரு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பஞ்சவர்ணம் குளித்த ஈரத் தலையோடு நடுத்தெருவில் நின்று, காதர் வீட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தாள்.

"ஏ அந்தோணியம்மா... இங்கன வா!"

தெருவில் எல்லாக் கதவும் திறந்தன. அந்தோணியம்மா தயங்கித் தயங்கி வந்தாள். "இன்னும் வெரதம் முடியலையே தாயி? இன்னைக்குச் சூடை மீனுதான் இருக்கு..."

"மீனை யாரு கேட்டா? நீ கூடையை எறக்கு!"