கூடுதலாக ஒரு மூட்டை

முன்னேஸ்வரம் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றபோது தொலைபேசி அடித்தது. என் கூட்டாளி அன்சாரின் தம்பி ஜவ்பர். அண்ணனை நானா என்றுதான் சொல்வான்.

"போட் வந்திட்டு அண்ணே. நானா வரல்ல."

யாரோ வாங்கிய புதுப் புரொப்பெலரைச் சோதிக்க அன்சார் கற்பிட்டியில் அவர்களுடைய படகில் தனியே கடலுக்குப் போயிருந்தான். ஏற்றிப்போன மணல் மூட்டைகள் அப்படியே இருக்க, படகு மட்டும் கரையொதுங்கியிருந்தது.

அவன் பிடிவாதக்காரன். நாங்கள் கூட்டாக வாங்கிய படகுக்குப் புரொப்பெலர் தெரிவுசெய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பிட்ச், அதாவது அதன் இலைகளின் சாய்வு, கூடினால் வெறும் படகு பாயும். பாரம் ஏறினால் எஞ்சின் திணறும். குறைந்தால் வேகம் போய்விடும், இழுவை கூடும். மீன் ஏலத்துக்கு முதலில் வந்து சேர எனக்கு வேகம் வேண்டும். அவனோ, "போற பாரத்தப் பாக்காத மச்சான், வாற பாரத்தப் பாரு" என்பான். ஆள், வலை, ஐஸ், மீன் எல்லாவற்றின் நிறைக்கும் மணல் மூட்டை ஏற்றி, முழு வேகத்தில் ஓட்டிச் சத்தம் கேட்டான். பிறகு இன்னொரு மூட்டையை ஏற்றினான்.

"இது ஆருக்கு?" என்றேன்.

"கடல்ல கிடக்கிற ஆளுக்கு. கண்டா உட்டுட்டு வரேலுமா?"

கடலில் பிணத்தைக் கண்டவன் மீனைக் கொட்டிவிட்டாவது அதை ஏற்றிவர வேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். ஆனால் அதற்கென்று புரொப்பெலர் போடுகிறவனை நான் கண்டதில்லை. அந்தக் கதையே எனக்குப் பிடிக்கவில்லை. "கூலி தராத ஆளுக்கு இடம் பிடிக்கிறியோ?" என்று கிண்டல் செய்தேன். அவன் சிரிக்கவில்லை. கடைசியில் அவன் சொன்ன குறைந்த பிட்ச்தான் படகில் ஏறியது.

ஜவ்பர் அழைத்த மறுநாள் கச்சான் காற்று வலுத்தது. தேடப்போன படகுகள் திரும்பிவிட்டன. அடக்கம் செய்ய மையித்தாவது கிடைக்க வேண்டுமென்று அவனுடைய உம்மா வாசலை விட்டு எழும்பவில்லை. எங்கள் படகில் நானும் ஜவ்பரும் இன்னும் சிலரும் தொடர்ந்து தேடினோம். கடலடிப் பாறைத்திட்டான பாருக்கு அப்பால் அவனைக் கண்டோம். ஏற்றியபோது ஜவ்பர், "பாரம் கூடிட்டு அண்ணே, எஞ்சின் இழுக்குமா?" என்றான். எஞ்சின் துளியும் திணறவில்லை. அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் படகை என் ஊரான உடப்புக்குத் தனியே ஓட்டிவந்தேன். இந்தப் புரொப்பெலரோடு வெறும் படகை முழு வேகத்தில் விட்டால் எஞ்சின் கூச்சலிட வேண்டும். இடவில்லை, நிறைபாரத்தோடு வருவதுபோல் அடங்கிய சத்தம். வலை ஏதும் சிக்கியிருக்குமோ என்று எஞ்சினைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டியபோதும் பின்பக்கம் படகு சற்றுத் தாழ்ந்தே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு தனியே போகும்போதெல்லாம் அதே சத்தம்தான். பயமில்லை என்று சொன்னால் பொய்.

"பிட்ச் கூடினதா ஒண்டு மாத்துவமா, அண்ணே?" என்று ஜவ்பர் போன கிழமை கேட்டான். நான் வேண்டாமென்றேன். அன்சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் புரொப்பெலர் மட்டும்தான். அதைக் கழற்றினால், நடுக்கடலில் அவனை இறக்கிவிட்டு வந்ததுபோல் ஆகிவிடும்.